கோவையில் ஓர் இயற்கை வண்ணக் கடை: மண் நிறங்களுக்காகப் போகலாம்

கோயம்புத்தூர் ஆர்.எஸ். புரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில், மண்ணிலிருந்தும் மரஞ்செடிகளிலிருந்தும் செய்த ஓவியப் பொருள்களை மட்டுமே விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. நீர்வண்ணக் கட்டிகள், கடுக்காய் மை, பனியன் கழிவுத் துணியால் செய்த காகிதம், பனைநார்த் தூரிகை என்று அங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்பது என் வேலை. ஆகவே ஒரு வண்ணம் அழகாக இருக்கிறதா என்பதோடு, அது பிள்ளைகளின் கையிலும் கண்ணிலும் வாயிலும் பட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கடையின் மண் நிறங்கள் முதல் தரமானவை, செடி நிறங்களில் பெரும்பாலானவை பயிற்சி ஏட்டுக்குப் போதும், சுவரில் மாட்டும் படத்துக்குப் போதா, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே உறுதிமொழியுடன் விற்பது கடையின் பெரிய குறை.

பெட்டியின் மூடியில் "இயற்கையானது, நச்சில்லாதது, நிறம் மாறாதது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாங்குபவர்களில் பலர் இம்மூன்றையும் ஒரே பொருளுடையவையாக எடுத்துக்கொள்கிறார்கள். சாதிலிங்கம் இயற்கையில் கிடைக்கும் கனிமம்தான். அதில் இருப்பது பாதரசமும் கந்தகமும். பழங்கால ஓவியர்கள் மஞ்சளுக்குப் பயன்படுத்திய அரிதாரமும், செம்மஞ்சளுக்குப் பயன்படுத்திய மனோசிலையும் ஆர்சனிக் சேர்ந்த கனிமங்கள். ஆலையில் செய்யப்படும் இரும்பு ஆக்சைடு நிறமோ அவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவோ பாதுகாப்பானது. எனவே இயற்கை என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட முடியாது. இந்தக் கடை மேற்சொன்ன மூன்று கனிமங்களையும் வைத்திருக்கவில்லை. ஈயமோ காட்மியமோ சேர்ந்த நிறங்களும் அங்கே இல்லை. மூடியில் உள்ள முதல் இரண்டு சொற்களுக்கும் கடை பெரும்பாலும் தகுதியானதே என்று சொல்வேன். தகராறு மூன்றாவது சொல்லில்தான்.

பெட்டி பனையோலையால் முடைந்தது. உள்ளே 12 கொட்டாங்கச்சித் துண்டுகளில் வண்ணங்களை ஊற்றிக் காயவைத்திருக்கிறார்கள். செம்மண், காவிக்கல், மஞ்சள் காவி, சுட்ட காவி, கரிசல் ஆகிய ஐந்தும் மண் நிறங்கள். மஞ்சள், செண்டுமல்லி, சிவப்பு தரும் மஞ்சிட்டியும் பதிமுகமும், நீலம் தரும் அவுரி ஆகிய ஐந்தும் செடி நிறங்கள். எஞ்சியவை வெள்ளையும் கரியும். பிசைவதற்கு வேலம்பிசினையும், காய்ந்து இறுகிவிடாமல் இருக்கத் தேனையும், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கிராம்பு எண்ணெயையும் சேர்த்திருப்பதாகப் பெட்டியோடு வரும் சீட்டில் எழுதியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் எங்கள் பக்கத்தில் தேன் தேவையான பொருள்தான். தேன் குறைந்த நீர்வண்ணக் கட்டிகள் அந்தக் காற்றில் விளிம்பு சுருங்கிக் கழன்று விழுந்துவிடுகின்றன. ஆனால் பெட்டியைத் திறந்தபடி மேசையில் விட்டுவிட்டால் காலையில் எறும்பு வரிசை கட்டி நிற்கும். இதைச் சீட்டில் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

மண் நிறங்களைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் அவற்றின் பக்குவம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. சென்னிமலைப் பக்கத்துச் செம்மண்ணை நீரில் கரைத்து, மணல் அடியில் படியும்வரை காத்திருந்து, கலங்கிய மேல்நீரை மட்டும் அடுத்த பாத்திரத்துக்கு வடித்து, அதையும் அதேபோல் தெளியவிட்டு, கடைசியில் எஞ்சும் மிக நுண்ணிய வண்டலையே எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொன்னார்கள். சொன்னது உண்மை என்பது முதல் தீற்றலிலேயே தெரிந்துவிட்டது. தூரிகையை இழுக்கும்போது மணல் நெருடவில்லை. நீர் அதிகமாகச் சேர்த்து மெல்லிய பூச்சாக விட்டபோதும் நிறம் திட்டுத்திட்டாகப் பிரியாமல் ஒரே சீராகப் பரவியது. இதே செம்மண்ணைப் பிள்ளைகளோடு வகுப்பில் நாங்களே கரைத்துச் செய்ததும் உண்டு. அதைவிட இது பல படி மேல்.

சுட்ட காவி என்பது தனி மண் அன்று. மஞ்சள் காவியில் நீரோடு பிணைந்திருக்கும் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. அதைச் சூடாக்கினால் பிணைந்த நீர் வெளியேறிச் செந்நிறமாகிறது. எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து ஆரஞ்சு சாயலிலிருந்து அடர்ந்த செம்பழுப்பு வரை வெவ்வேறு நிறங்களைப் பெறலாம். இந்தக் கடையின் சுட்ட காவி செங்கல் சூளை நிறத்தைவிடச் சற்று ஆழமானது. மனித முகங்களின் நிழலுக்கும், அந்தி நேரத்து ஓட்டுக் கூரைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான நிறத்தை விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெட்டிகளிலும் நான் கண்டதில்லை. அடுத்தடுத்து வாங்கிய கட்டிகளில் சாயல் சற்றே மாறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு பெரிய படத்தைத் தொடங்குகிறவர்கள் மட்டும் வேண்டிய அளவை ஒரே முறையில் வாங்கிக்கொள்வது நல்லது.

பல்லடம் பக்கத்துக் கரிசலில் செய்த கட்டி பெட்டியைத் திறந்தபோதே பாளம் பாளமாக வெடித்திருந்தது. கோடையில் பருத்திக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண் கரிசலில் மிகுதி என்பதால் எவ்வளவு தேன் சேர்த்தாலும் அது வெடிக்கத்தான் செய்யும். ஆயினும் அதிலிருந்து கிடைக்கும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் மழைமேகத்துக்கும் பழைய சுவருக்கும் அருமையாகப் பொருந்துகிறது. உடைந்த துண்டுகளைச் சிறு கிண்ணத்தில் இட்டு நீர் தெளித்து மீண்டும் பிசைந்து வைத்துக்கொண்டேன்.

செடி நிறங்களுக்கு வருவோம். ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்கு வெயில் விழும் சன்னலில் சித்திரை, வைகாசி முழுவதும் ஒட்டிவைத்திருந்தேன். வண்ணம் வெளிச்சத்தைத் தாங்குமா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஆய்வகங்களில் நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை மதிப்பெண் தருவதும் அடிப்படையில் இதே முறைதான். தாளை எடுத்துப் பார்த்தபோது ஐந்து மண் நிறங்களிலும் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேறுபாடு இல்லை. மஞ்சளில் மூடாத பாதி ஏறக்குறைய வெறும் தாளாகிவிட்டது. பதிமுகம் வெளிறிய பழுப்பாகிவிட்டது. செண்டுமல்லி பாதியளவு நிறம் இழந்திருந்தது. மஞ்சிட்டி ஓரளவு தாக்குப்பிடித்தது. அவுரி சற்றே வெளுத்திருந்தாலும் நீலமாகவே நின்றது.

இதில் குற்றம் தயாரிப்பில் இல்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது என்றாலும், எந்த ஊர் மஞ்சளாயினும் அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் பொருள்தான். பதிமுகத்தின் சிவப்பும் அப்படியே. மண்ணில் இருக்கும் இரும்பு ஏற்கெனவே முழுக்கத் துருவாகிவிட்ட ஒன்று. வெயிலால் அதை மேலும் மாற்ற முடிவதில்லை. செடியின் நிறம் சிக்கலான கரிம மூலக்கூறு; ஒளி அதன் பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. பெட்டியில் பச்சை இல்லாததால், அவுரியையும் மஞ்சளையும் கலந்து பச்சை செய்துகொள்ளும்படி சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அப்படித் தீட்டிய தென்னந்தோப்பு சில மாதங்களில் நீலத் தோப்பாகிவிடும். ஐரோப்பாவின் பழைய மலர் ஓவியங்கள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாகத் தெரிவதற்குச் செடி மஞ்சள் வெளுத்துப்போனதுதான் காரணம். மஞ்சள் காவியோடு அவுரியைக் கலந்தால் பச்சை சற்று மங்கலாக வரும், ஆனால் நிற்கும். சீட்டில் இந்தக் கலவையைப் பரிந்துரைத்திருக்க வேண்டும்.

கடையை நடத்துபவர் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நிறக்கலவை பார்த்த அனுபவம் உள்ளவர். சன்னல் பட்டைகளை அவரிடம் காட்டியபோது மறுக்கவில்லை. "டீச்சர், மஞ்சளும் பதிமுகமும் வெயிலுக்கு நிக்காதுங்க, அது எங்களுக்கே தெரியும்ங்க. ஆனா பெட்டியில மஞ்சள் இல்லைன்னா யாருமே வாங்க மாட்டேங்கறாங்க" என்றார். நேர்மையான பதில்தான், ஆனால் இந்த நேர்மை அவருடைய வாயில் இருக்கிறதே தவிர, பெட்டியின் மூடியில் இல்லை. "நிறம் மாறாதது" என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டியின் மீதும் வெயில் தாங்கும், தாங்காது என்று குறித்துவிட்டால் போதும். குறிக்கும்வரை இந்தப் பெட்டியைக் கொண்டு தீட்டிய படத்தை யாரும் விலைக்கு விற்கக் கூடாது என்பது என் கருத்து.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்ன குறிப்பு மிகவும் பயனுள்ளது. பதிமுகத்தைச் சிறுவாணித் தண்ணீரில் கரைத்தால் இளஞ்சிவப்பாகவும், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கரைத்தால் ஊதா கலந்த சிவப்பாகவும் வருகிறது. காரத்தன்மை கூடக் கூட அந்த நிறம் மாறும். எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டால் மஞ்சளாகிவிடும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பதிமுகக் கட்டியை நான் தொடர்ந்து வாங்குவேன், படம் தீட்டுவதற்காக அல்ல.

கரி நன்றாக இருக்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொட்டாங்கச்சிக் கரியை நீர்விட்டு அரைத்தது. அடர்த்தியான, சற்றே பழுப்புச் சாயலுள்ள கறுப்பு.

வெள்ளையைப் பற்றிச் சற்று எச்சரிக்கையாகவே எழுத வேண்டியிருக்கிறது. அது சுண்ணாம்பு வெள்ளை. ஈரமாக இருக்கும்போது ஏறக்குறைய கண்ணாடி போல் ஊடுருவித் தெரிகிறது, காய்ந்த பிறகே வெண்மை கூடுகிறது. வாளையாறு போகும் வழியில் குமிட்டிபதிப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய யானையும் மனிதரும் இன்றும் தெரிகிறார்கள் என்பதால் வெள்ளை மண் நிறங்களின் ஆயுளைப் பற்றி ஐயமில்லை. சிக்கல் வேறு. மஞ்சள் தீட்டிய இடத்தின் மேல் இந்த வெள்ளையை வைத்தபோது, ஆரத்தித் தட்டில் ஆவதைப் போல அந்த இடம் சிவந்துவிட்டது. நீற்றிய சுண்ணாம்பு முழுக்க ஆறவில்லை, காரம் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. நன்றாக ஆறிய சுண்ணாம்பில் பெரிய தீங்கு இல்லை. காரம் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் வெள்ளைக் கட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையையே விட்டுவைப்பது வழக்கம் என்பதால் அது இல்லாமல் ஒன்றும் குறையாது.

நச்சுச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். மண் நிறங்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டினார்கள். பொம்மைகளுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 9873இன் மூன்றாம் பகுதிப்படி செய்த சோதனை அது. ஆன்டிமனி, ஆர்சனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம் ஆகிய எட்டுத் தனிமங்கள் பொருளிலிருந்து எவ்வளவு கரைந்து வெளியேறலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு. எந்த மண்ணிலும் ஆர்சனிக்கும் ஈயமும் இயல்பாகவே சிறிதளவு கலந்திருக்கலாம் என்பதால் மண் நிறத்துக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். செய்திருக்கிறார்கள் என்பது பாராட்டுக்குரியது. ஆனால் சுண்ணாம்பின் காரத்தை இந்தச் சோதனை பிடிக்காது; பொடியாக விற்கும் மண்ணில் உள்ள தூசியின் ஆபத்தையும் பிடிக்காது. நுண்ணிய மண்தூளில் படிக சிலிக்கா இருக்கும். அதைத் தொடர்ந்து மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. கல்லுடைக்கும் தொழிலாளர்களுக்கு வரும் நோய்க்குக் காரணம் அதே சிலிக்காதான். பொடி நிறங்களை விற்கும் பைகளில் முகக்கவசம் அணியும்படியோ, ஈரமாக்கியே அரைக்கும்படியோ ஓர் எச்சரிக்கையும் இல்லை. மண்தானே என்று எண்ணி வீட்டுக்குள் மிக்சியில் அரைப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கட்டியை மட்டும் வாங்குங்கள்.

பெட்டிக்கு வெளியே தனியாக விற்கும் வேங்கைப் பிசின் நிறத்தையும் குறிப்பிட வேண்டும். நீலகிரியின் ஆலு குறும்பர் ஓவியர்கள் பழுப்புச் சிவப்புக்கு வேங்கை மரத்தின் பிசினைத்தான் பயன்படுத்துகிறார்கள். தாளில் அது கண்ணாடிப் பூச்சுப் போட்டதுபோல் மின்னுகிறது. கோடுகளுக்கு மிகவும் பொருத்தம், பரந்த பூச்சுக்கு ஒட்டும் தன்மை தடையாக இருக்கிறது. பட்டையைக் கீறி எடுக்கும் பிசின் என்பதால் அளவு மீறி எடுத்தால் மரத்துக்குத் தீங்கு. மலைவாழ் மக்களின் சங்கத்திடமிருந்து வாங்குவதாகவும், கிடைக்கும் பருவத்தில் மட்டுமே விற்பதாகவும் சொன்னார்கள். நான் இரண்டாம் முறை கேட்டபோது உண்மையிலேயே இருப்பு இல்லை என்றுதான் பதில் வந்தது.

கடுக்காய் மை எழுதும்போது வெளிறிய சாம்பலாக இருந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே கறுக்கிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும், அன்னபேதி என்னும் இரும்பு உப்பில் உள்ள இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. கறுத்த பிறகு நீர் பட்டாலும் எளிதில் கலையாததால், மையால் கோடு வரைந்து அதன்மேல் காவியைப் பூசும் முறைக்கு மிகவும் ஏற்றது. மை புளிப்புத்தன்மை உடையது என்பதால் நீண்ட காலத்தில் தாளை அரிக்கும் என்பதையும், அன்னபேதி வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சீசாவின் மூடி வெறும் கார்க்கு. பிள்ளைகள் திறக்க முடியாத மூடி அவசியம்.

காகிதம் திருப்பூர்ப் பனியன் கட்டிங் கழிவிலிருந்து செய்யப்படுகிறது. பருத்தி இழை என்பதால் தாள் உறுதியானது. மீண்டும் மீண்டும் ஈரமாக்கினாலும் கிழிவதில்லை. கஞ்சிப் பூச்சு ஒரு பக்கத்துக்கு மட்டும் இட்டிருக்கிறார்கள். மறுபக்கம் மையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவிடுகிறது. எந்தப் பக்கம் எது என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சிக்கு இவ்வளவு விலை கொடுக்க விரும்பாதவர்கள், கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு கரூர் மாவட்டம் புகழூரில் செய்யப்படும் டி.என்.பி.எல். தாளையே பயன்படுத்தலாம், மெல்லியது என்பதால் நீர் குறைவாகவே தாங்கும். பனைநார்த் தூரிகை தடித்த கோட்டுக்குப் பரவாயில்லை, மற்றதற்கு உதவாது. கீரி மயிர்த் தூரிகை இங்கே கிடையாது என்பது நல்ல செய்தி. கீரி சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு, அதன் மயிரில் செய்த தூரிகையை விற்பது குற்றம் என்பது ஓவிய ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை.

தூரிகை கழுவிய நீரை என்ன செய்வது என்ற கேள்வியில் இந்தக் கடை முழு மதிப்பெண் பெறுகிறது. அக்ரிலிக் வண்ணம் என்பது அடிப்படையில் நெகிழி. கழுவிய நீரோடு நுண்ணிய நெகிழித் துகள்களும் சாக்கடைக்குப் போகின்றன. நொய்யல் கரையில் வாழும் நமக்குச் சாயநீர் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் திருப்பூரில் மறந்தவர் இல்லை. ஓவியர்கள் கழுவும் நீர் அதோடு ஒப்பிடத்தக்க அளவே அன்று. இருந்தாலும் முப்பது பிள்ளைகள் கழுவும் வாளியைப் பள்ளித் தோட்டத்துச் செடிக்கே ஊற்றலாம் என்பது எனக்குப் பெரிய வசதி. மண் நிறம் மண்ணுக்கே போகிறது. கடுக்காய் மை கழுவிய நீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.

பெட்டி விலை 1,400 ரூபாய். மாணவர்களுக்கான சாதாரண நீர்வண்ணப் பெட்டி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஊரில் இது அதிகம்தான். வகுப்பு முழுவதற்கும் வாங்க எந்த அரசுப் பள்ளியாலும் முடியாது. ஆனால் கட்டிகளைத் தனித்தனியாகவும் தருகிறார்கள்: மண் நிறமும் கரியும் 80 ரூபாய், அவுரி 160 ரூபாய். காவிக்கல், சுட்ட காவி, மஞ்சள் காவி, கரி, அவுரி என்று ஐந்தை வாங்கினால் 480 ரூபாயில் முடிந்துவிடும்; வெயிலுக்கு அஞ்சாமல் ஏறக்குறைய எந்தக் காட்சியையும் தீட்டிவிடலாம். பளிச்சென்ற சிவப்பும் இளஞ்சிவப்பும் தவிர்க்க முடியாதவர்களுக்கு, அதாவது பூக்களையும் பட்டுப் புடவைகளையும் வரைபவர்களுக்கு, இந்தக் கடையில் விடை இல்லை. அவர்கள் நச்சுச் சோதனைச் சான்று உள்ள ஆலை வண்ணங்களையே நாடுவது நல்லது.

தீர்ந்த கொட்டாங்கச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 50 ரூபாய்க்கு அதிலேயே மண் நிறத்தை ஊற்றித் தருகிறார்கள். காய்வதற்கு ஒரு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வெளியூருக்குக் கூரியரிலும் அனுப்புகிறார்கள். கரிசல் கட்டியை மட்டும் நேரில் போய் வாங்குங்கள், பொட்டலத்தில் அது தூளாகித்தான் வந்து சேரும்.